பால் சொசைட்டி முன்னால் நின்ற பஸ்

எங்கள் கம்பெனி பஸ் ஆட்களை ஏற்றும் இடங்களில் ஒன்றுக்குப் பெயர் பால் சொசைட்டி ஸ்டாப். சூளகிரியிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு ஊர். அந்த ஊர் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில்தான் பஸ் நிற்கும். அங்கே நிற்க வைத்தவள் நான். உன் வேலைக்காலத்தில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறாய் என்று யாராவது கேட்டால், ஓசூர்த் தொழிற்பேட்டையில் நான் வாங்கிய நற்சான்றிதழ்களைக் காட்ட மாட்டேன். அந்த ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் சிறுதொழில் சங்கத்துக்காரர்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்த பிறகு, கணக்கு எழுதுகிற பிள்ளைகளும் சின்ன யூனிட் முதலாளிகளும் என்னைப் பார்க்கும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “மேடம், பழைய செக்‌ஷன் எல்லாம் போச்சே, இனிமே எதைப் பிடிச்சுக்கறது?” செக்‌ஷன் நம்பர் மாறும், போர்ட்டல் மாறும். ஆள் வீட்டிலிருந்து கிளம்பி வேலைக்கு வந்து சேருகிற வழி மாறுவதில்லை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். அப்படி நான் பிடித்துக்கொண்ட கதைதான் இது.

நான் பிறந்தது சாமல்பட்டி. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் முடித்து, கல்யாணமாகி ஓசூர் வந்தேன். இரும்பு வார்ப்புகளைக் கடைந்து மோட்டார் வண்டிகளுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், ஆட்களின் வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சட்டம் படிக்க நான் காலேஜ் போகவில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்த சட்டப் புத்தகங்களை ஷிப்ட் பஸ்ஸில் மடியில் வைத்துப் படித்தேன். புரியாததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர்களிடமே கேட்டேன். “லே-ஆஃப்னா இன்னாண்ணா?” என்றால், “சோறு உண்டு, குழம்பு இல்ல, அதாம்மா லே-ஆஃப்” என்று ஒருவர் சொன்னார். லே-ஆஃப் காலத்தில் பாதிச் சம்பளம் என்பதை அதைவிடச் சுருக்கமாக எந்த உரையாசிரியரும் சொல்லி நான் படித்ததில்லை.

எனக்கு மேலே இருந்தவர் பெர்சனல் மேனேஜர் நஞ்சுண்டையா. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். வீட்டில் கன்னடம், கேன்டீனில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ் பேசுவார். அவர் சுத்தமாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வோம்.

அவரிடம் ஒரு பழக்கம். ஒரு தொழிலாளியைப் பற்றி வெளியே போகிற எந்தக் காகிதத்திலும், அதை அந்தத் தொழிலாளிக்குப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டார். விடுப்புக் கடிதமோ, வருமான வரிப் பிடித்தத்துக்கான விவரமோ, பி.எஃப். பணம் எடுக்கும் விண்ணப்பமோ, எதுவானாலும் சரி. ‘பாரம்மா’ என்பதைக் கன்னடத்தில் “நோடம்மா” என்றுதான் ஆரம்பிப்பார். “அவனைக் கூப்பிடு. படிச்சுக் காட்டு. அவன் மூஞ்சியைப் பாரு” என்பார். படிக்கும்போது அந்த ஆள் புருவத்தைச் சுருக்கினால், நிறுத்திக் கேட்க வேண்டும். சிரித்தால், திரும்ப எழுத வேண்டும். தலையாட்டினால் போதாது. “இதுல இன்னா எழுதியிருக்குது, நீ சொல்லு” என்று கேட்டு, அவர் தன் வாயால் சொன்ன பிறகுதான் மேனேஜர் பேனாவைத் திறப்பார்.

இன்னொரு பழக்கம், மெமோ கொடுப்பதற்கு முன்னால் இடத்தைப் போய்ப் பார்ப்பது. ஆள் மேல் புகார் வந்தால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் புகார் நடந்த இடத்துக்கு எங்களை அனுப்புவார். ‘போய்ப் பாரு, படிச்சுக் காட்டு’ என்று அவருக்கு நாங்கள் பட்டப்பெயரே வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும். தெரிந்தும் அதை விட்டதில்லை.

எல்லை ஊரில் ஆள் வைத்து வேலை வாங்குவது தனிக் கலை. கர்நாடகப் பக்கம் இருக்கும் எங்கள் அத்திபெலே யூனிட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ஃபிட்டர், முதல் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். “ஏனம்மா, அங்க தொழில் வரி மாசாமாசம் பிடிச்சாங்க. இங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிடிப்பேன்றீங்கோ. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாவது இருக்கீங்களா?” என்றார். கர்நாடகத்தில் அது மாநில அரசுக்குப் போகிறது, இங்கே உள்ளாட்சிக்குப் போகிறது என்று விளக்கினேன். “அப்ப ரோட்டைத் தாண்டினதுக்கே எனக்கு வேற ஊர் வேற சாமியா” என்று சிரித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து மாற்றலாகி வருகிற ஒவ்வொருவருக்கும் வந்த அன்றே அதைச் சொல்லிவிடுவதை வழக்கமாக்கினேன். சம்பளச் சீட்டு கைக்குப் போன பிறகு சொல்லும் விளக்கம் சமாதானம் மாதிரி ஆகிவிடும். முன்பே சொன்னால்தான் அது தகவல்.

பண்டிகை விடுமுறை முடிவு செய்கிற நாள் இன்னும் வேடிக்கை. தேசிய விடுமுறைகள் போக, பண்டிகைக்கென்று இருக்கிற சில நாட்களைத் தொழிலாளர்களைக் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பொங்கலில் தகராறு இல்லை. உகாதி என்று ஒரு பக்கம் கை தூக்கும், ரம்ஜான் என்று ஒரு பக்கம், கிறிஸ்துமஸ் என்று ஒரு பக்கம். எருது விடுகிற நாளை யாரும் கேட்கமாட்டார்கள், அன்றைக்கு யாரும் வரவும் மாட்டார்கள். நஞ்சுண்டையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எந்த நாள்ல லீவு கொடுக்காட்டியும் நீங்க வரமாட்டீங்களோ, அதை முதல்ல சொல்லுங்கோ” என்பார். சபை சிரிக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டாப்புக்கு வருகிறேன்.

சூளகிரிப் பக்கத்து அந்த ஊரிலிருந்து முதல் ஷிப்டுக்கு ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. பஸ், ஊர்ச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் கூட்ரோட்டில் நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் மட்டும் வாரத்தில் பாதி நாள் பஸ்ஸை விட்டுவிட்டு, மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் பிடித்துத் தாமதமாக வந்து நிற்பார்கள். மெமோக்களை டைப் அடித்து மேனேஜர் முன் வைத்தேன். தொடக்கூட இல்லை. “ஊரைப் பார்த்தியா?”

மறுநாள் விடியும்போது அங்கே போனேன். கூட்ரோட்டில் ஒருவரும் இல்லை. ஊருக்குள்ளே பால் சொசைட்டி வாசலில் நீல யூனிபார்ம் போட்ட எங்கள் ஆட்கள் கையில் பால் கேனோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மாடு, மூன்று மாடு. கறந்து, சொசைட்டியில் ஊற்றி, கேனை அலசிச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு, அங்கிருந்து கூட்ரோட்டுக்கு ஓட வேண்டும். சொசைட்டிச் செயலாளர் ஐந்து நிமிடம் தாமதமாகத் திறந்தால் எங்கள் லேத் மெஷின் அரை மணி நேரம் நிற்கும்.

“இன்னாக்கா, மெமோவைக் கையிலயே கொடுத்துட்டுப் போலாம்னு வந்தியா?” என்றார் வரிசையில் முதலில் நின்றவர். அவர் பெயர் சென்னகிருஷ்ணன். பார்க்க ஒல்லி, பேச்சில் மட்டும் கனம்.

“மாட்டுக்குத்தான் மெமோ கொடுக்கணும். அதுதானே உன்னை லேட் பண்ணுது” என்றேன்.

“அதுக்கும் படிச்சுக் காட்டிட்டுத்தான் கொடுக்கணும்” என்றார். வரிசையே சிரித்தது.

திரும்பி வந்து பஸ்ஸை ஊருக்குள் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாதவர் டிரைவர் வெங்கடேசப்பா. எந்த ஸ்டாப்பிலும் இன்ஜினை அணைக்காத மனிதர் அவர். ஒரு காலை கிளட்சில் வைத்துக்கொண்டு, “ரண்டி ரண்டி” என்று தெலுங்கில் அழைத்தபடியே நகர்ந்துகொண்டிருப்பார். படியில் ஒரு கால் வைத்தவர்தான் பயணி. தரையில் இரண்டு காலும் இருந்தால் ஊர்க்காரர். “சொசைட்டிக்கு வர்றேன். ஆனா பாலுக்காக நிக்கமாட்டேன், ஆளுக்காகவும் நிக்கமாட்டேன்” என்றார். அப்படியே வந்தார். அந்த ஊரிலிருந்து அதற்கப்புறம் தாமதம் என்று ஒரு மெமோவும் நான் டைப் அடிக்கவில்லை.

வருடங்கள் ஓடின. நஞ்சுண்டையா ஓய்வு பெற்றார். நான் பெர்சனல் ஆபீசர் ஆனேன். மேலே பிரகாஷ் என்று புதிய மேனேஜர் வந்தார். பொறுமையான மனிதர், தொழிலாளிகள் மேல் இரக்கம் உள்ளவர். அந்த இரக்கத்தினால்தான் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது.

ஒரு காலையில் சென்னகிருஷ்ணன் மொபெட்டில் பால் கேனோடு சொசைட்டிக்கு வந்துகொண்டிருந்தார். திருப்பத்தில் கிரானைட் கல் ஏற்றிய லாரி உரசித் தள்ளியது. சக்கரம் வலது காலின் மேல் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது, டைம் ஆபீஸ்காரர் ஊரிலிருந்து போனில் கேட்டதை வைத்து, தொழிலாளர் காப்பீட்டுக் கழகமான இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும் விபத்து அறிக்கையைத் தயார் செய்து வைத்திருந்தார். ‘பால் ஊற்றச் செல்லும் வழியில் விபத்து.’ அவர் எழுதியது பொய் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு வரி அப்படியே போனால், சொந்த வேலையாகப் போனவருக்கு நடந்த விபத்து என்று ஆகிவிடும்.

இந்த இடத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். வேலைக்கு வருகிற வழியில் நடக்கும் விபத்தை வேலையில் நடந்த விபத்தாகவே கருதலாம் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் இடம் இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் விபத்து நடந்த சூழ்நிலை, நேரம், இடம் இவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பது தெரிய வேண்டும். தெரிந்தால், இழந்த காலுக்கு வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் உதவித்தொகை. தெரியாவிட்டால், நோயாளிக்குக் கிடைக்கிற சிகிச்சையும் சில காலத்துச் சம்பளத்தில் ஒரு பங்கும் மட்டும். சென்னகிருஷ்ணனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு காலோடு லேத் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியாது.

பிரகாஷ் சார் கம்ப்யூட்டர் திரையில் அறிக்கையைப் பார்த்தார். “மேடம், பாலை எடுத்துடலாம். கம்பெனி பஸ் ஏறப் போகும் வழியில்னு மட்டும் போடுவோம். அதுவும் உண்மைதானே. அவருக்கு நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

“உண்மைதான் சார். ஆனா பாதி உண்மை. அந்த மீதியை லாரிக்காரர் சொல்வார், போலீஸ் எழுதியிருப்பாங்க. அப்போ நாம மறைச்சோம்னு ஆயிடும். அதுக்கப்புறம் நாம சொல்ற நிஜத்தையும் யாரும் கேட்கமாட்டாங்க.”

“அப்ப என்னதான் எழுதறது?”

“முதல்ல படிச்சுக் காட்டிட்டு வந்துடறேன் சார்.”

ஆஸ்பத்திரியில் சென்னகிருஷ்ணன் கண் திறந்து படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ராதா. டைம் ஆபீஸ்காரர் எழுதியதையும் பிரகாஷ் சார் சொன்னதையும் படித்துக் காட்டினேன். ராதா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, உன் கால்ல விழறேன். பாலை எழுதாத. மாட்டால என் வீட்டுக்காரருக்குக் கால் போச்சு. அந்த மாட்டாலயே சோறும் போவணுமா?”

சென்னகிருஷ்ணன்தான் மெதுவாகப் பேசினார்.

“ரோடு பூராப் பாலு கொட்டிக் கெடந்துச்சு ராதா. ஊரே பார்த்துச்சு. இப்ப பால் இல்லன்னு எழுதினா, நாளைக்கு என்னைப் பார்க்கறவன் எல்லாம் பொய் சொல்லிச் சம்பாரிச்ச கால்னு சொல்லுவான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் வேலைக்குத்தான் கெளம்பினேன். பாலும் கூட வந்துச்சு. அவ்ளோதான். பால் ஊத்தறதுக்கு மட்டும் போறவன் எவனாச்சும் கம்பெனி ஷூவை மாட்டிக்கினு போவானா?”

கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய நீலச் சட்டை. அதற்குப் பக்கத்தில், முனையில் இரும்பு வைத்த கனமான பாதுகாப்பு ஷூ. ஒன்று மட்டும்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வீட்டிலிருந்து முதல் ஷிப்டுக்கு யூனிபார்முடனும் பாதுகாப்பு ஷூவுடனும் கிளம்பினார். பால் கேனும் எடுத்து வந்தார். கம்பெனி பஸ் அவரை ஏற்றும் இடம் பால் சொசைட்டி வாசல். அந்த இடத்துக்கு வரும் நேர் வழியில், பஸ் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் விபத்து நடந்தது. ஒரு சொல்லும் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. படித்துக் காட்டினேன். இதில் என்ன எழுதியிருக்கிறது, நீயே சொல் என்றேன். சொன்னார். ராதா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றே அறிக்கை போய்விட்டது.

நாங்கள் பயந்த கேள்வி வந்தது. விசாரிக்க வந்த இ.எஸ்.ஐ. அதிகாரி கண்டிப்பானவர், ஆனால் நியாயமாகக் கேட்டார். “இவர் வீட்டிலிருந்து கூட்ரோடுதான் பக்கம். மற்ற கம்பெனி பஸ் எல்லாம் அங்கேதான் நிக்குது. இவர் எதிர்த் திசையில் போயிருக்கார். பாலுக்காகச் சுற்றிப் போனதாகத்தானே தெரியுது?”

“சார், எங்க பஸ் கூட்ரோட்டில நிக்கறதே இல்லை” என்றேன். “நான் சொல்றதை எழுதிக்க வேண்டாம். நாளைக்குக் காலையில ஒரு தடவை வந்து பாருங்க.”

அவர் வருவார் என்று நான் நிச்சயமாக நினைக்கவில்லை. வந்தார். பிரகாஷ் சாரும் என்னுடன் வந்திருந்தார். மார்கழிப் பனி. சொசைட்டி வாசலில் வழக்கமான வரிசை. நீலச் சட்டை, கையில் கேன், காலில் இரும்பு முனை ஷூ. நான் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. அதனால் யாரும் அதிகாரியைக் கண்டுகொள்ளவும் இல்லை. ஒருவர் மட்டும், “சார், கேன் இல்லாத நிக்கறீங்க, பின்னால போங்க” என்றார்.

அதிகாரி உண்மையாகவே கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றுகொண்டார். பால் ஊற்றியவர்கள் கேனை அலசிச் சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்தார்கள். அந்த வரிசையில் ராதாவும் இருந்தார். கணவர் படுத்திருந்தாலும் மாடு கறப்பதை நிறுத்துமா. அவர் எங்களைப் பார்த்துவிட்டு, தன் கேனை அலசத் திரும்பினார். பஸ் வந்தது. இன்ஜின் உறுமியபடியே இருக்க, “ரண்டி ரண்டி” என்ற குரல். கடைசி ஆள் ஓடி ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

“இவர் நிறுத்தவே மாட்டாரா?” என்றார் அதிகாரி.

“இது நிறுத்தினதுதான் சார்” என்றார் பிரகாஷ் சார்.

அதிகாரி சிரிக்கவில்லை. விபத்து நடந்த திருப்பம் வரை நடந்தார். அங்கிருந்து சென்னகிருஷ்ணன் வீடு வரை நடந்தார். திரும்பி சொசைட்டி வரை நடந்தார். ராதாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பால் மட்டும் ஊற்ற வேண்டிய நாள்ல யாரும்மா வருவாங்க?”

“ஞாயித்துக்கெழமைன்னா நான்தாங்க வருவேன். அவருக்கு லீவாச்சே, தூங்குவாரு.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். போகும்போது என்னிடம், “பாலையும் நீங்களே எழுதியிருந்தீங்க. அதனாலதான் நேர்ல பார்க்கலாம்னு தோணுச்சு” என்றார்.

உத்தரவு சாதகமாக வந்தது. வேலையில் நடந்த விபத்துதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். மருத்துவக் குழு பார்த்தது, வாழ்நாள் உதவித்தொகை முடிவானது. உத்தரவை ராதாவுக்கும் படித்துக் காட்டினேன். “எங்க, பால்னு வர்ற எடத்தை இன்னொரு தரம் படி” என்றார். படித்தேன். இன்னொரு தரமும் படிக்கச் சொன்னார்.

பிரகாஷ் சார் அதற்குப் பிறகு எந்த அறிக்கையையும் என்னிடம் கொடுக்கும்போது, “படிச்சுக் காட்டியாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார். நஞ்சுண்டையாவுக்குப் போன் செய்து சொன்னேன். “சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு, “அந்த ஊருக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை நோடு. உன்னைத்தான் அனுப்பினேன்” என்றார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

செயற்கைக் கால் பொருத்தி, நடந்து பழகி, சென்னகிருஷ்ணன் திரும்பி வேலைக்கு வந்தார். லேத்தில் நிற்க வேண்டாம் என்று டூல் ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தோம். அவர் வேலைக்குத் திரும்பும் அன்று காலையில் நான் சொசைட்டிக்குப் போய் நின்றேன்.

அவரை ராதா மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். நடுவில் பால் கேன். வரிசையில் நின்றவர்கள் விலகி முன்னால் போகச் சொன்னார்கள். “போங்கடா, நான் வரிசையிலதான் நிப்பேன்” என்று பின்னால் போய் நின்றார். அவர் முறை வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். சென்னகிருஷ்ணன் மட்டும் செயலாளர் முன்னால் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி இன்னா ஜாஸ்தியாக் கீது?” என்றார் செயலாளர்.

“இன்னிக்குக் கறந்தது அவ. அவளைக் கேளு.”

“ஆமா, இவரு கறந்தா மட்டும் நெய்யா வந்து ஊத்தும்” என்றார் ராதா.

கேனை அவரே அலசினார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வழக்கமான இடத்தில் கவிழ்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். புதுக் காலை எடுத்து வைப்பதற்கு நேரம் ஆயிற்று. பஸ்ஸுக்குள் யாரும் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வேறு எந்தச் சத்தமும்கூட இல்லை என்று.

வெங்கடேசப்பா இன்ஜினை அணைத்திருந்தார்.